ஐயாவுக்கு இருப்பதெல்லாம்

ஒரு கல்வி அலுவலகம் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் அங்கே ஒருவராவது வாசிக்கிறவராக இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பொறுப்பு என்னுடையது. என் பதவியின் முழுப் பெயர் முதுநிலைக் கோப்பு உதவியாளர். அந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்து மேஜைக்காரருக்கே ஆள் யாரென்று பிடிபடாது. ரேடியோ என்று கேட்டுப் பாருங்கள், வாசலில் சைக்கிளுக்கு டோக்கன் கொடுக்கிறவர்கூடக் கையைப் பிடித்து அழைத்து வந்து விட்டுவிடுவார்.

பதினோரு வருஷமாக ஐயாவுக்குக் கோப்புகளை வாசித்துக் காட்டி வருகிறேன். ஐயா என்பது எங்கள் கல்வி அலுவலர். அவருக்கு வாசிக்கத் தெரியாதென்று யாரும் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இரண்டு பட்டம் வாங்கியவர். பதவியேற்ற முதல் வாரத்தில் அவருடைய கண்ணாடி உடைந்துபோனது. "புதுசு வர்ற வரைக்கும் நீங்க வாசிங்க" என்றார். புதுசு வந்தது. இன்றைக்கும் அது உறையைவிட்டு வெளியே வராமல் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பிறத்தியார் வாசிக்கக் கேட்பதில் இருக்கிற சுகத்தை ஐயா கண்டுபிடித்துவிட்டார்.

இந்தக் கண்டுபிடிப்பு மற்ற அலுவலகங்களுக்கும் பரவி, இப்போது அதுவே நாகரிகமாகிவிட்டது. தன் கையால் கோப்பைப் புரட்டித் தானே படிக்கிற அதிகாரியைப் பார்த்தால், "பாவம், ஆள் பலம் இல்லை போலிருக்கு" என்று மற்ற அதிகாரிகள் உச்சுக்கொட்டுகிறார்கள்.

எங்கள் நடைமுறை எளிமையானது. நான் வாசிப்பேன். ஐயாவிடமிருந்து ஒரு 'ம்' வந்தால் அனுமதி. இரண்டு 'ம்' வந்தால் நிராகரிப்பு. குறட்டை வந்தால், 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது'. இந்த மூன்றையும் தகுந்த வாக்கியங்களாக விரித்து எழுதுவதும் என் வேலைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும், காக்கி உடுப்பில் ஒரு அம்மா ஒன்பது வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். பஸ் கண்டக்டர். சட்டைப் பையில் விசில் தொங்கியது.

"சார், எனக்கு அடுத்த ட்ரிப் பன்னெண்டேகாலுக்கு. அதனால சுருக்கமா சொல்லிடறேன். இது என் பொண்ணு. இவளுக்கு எழுத்து வாசிக்க வராது. டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். பரீட்சையில ஒருத்தர் கேள்வியை வாசிச்சுக் காட்டணும், இவ சொல்ற பதிலை எழுதிக்கணும், கொஞ்சம் கூடுதல் நேரம் வேணும், சத்தமில்லாத ஒரு ரூம் வேணும். சட்டத்துலயே இருக்கு. பதினாலாம் விதி."

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் விதி எண்ணோடு வருவதில்லை. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மந்தமா இருக்குமோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மந்தமா? எங்க ரூட்ல முப்பத்தெட்டு ஸ்டாப்பிங் சார். ஒரே ஒரு தடவை என்கூட வந்தா. பாப்பா, சொல்லு."

பாப்பா முப்பத்தெட்டையும் கடைசியிலிருந்து முதல்வரை சொன்னாள். மூச்சு வாங்கவில்லை. காது வழியாகப் போனது எதுவும் அவளைவிட்டுப் போகாது. எழுத்துதான் அவளுக்குப் பிடிகொடுப்பதில்லை. ஒரு வரியைப் பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறதாம்.

"ஸ்கூல்ல கேட்டீங்களா?"

"கேட்டேன். எங்க ஸ்கூல்ல அப்படிப்பட்ட குழந்தையே கிடையாதுன்னுட்டாங்க."

"அப்ப இது யாரு?"

"அதைத்தான் சார் நானும் கேட்டேன்."

எனக்கு விஷயம் விளங்கியது. அந்தப் பள்ளிக்குப் போன வருஷம் 'சிரமமற்ற பள்ளி' என்ற கேடயத்தைக் கொடுத்ததே எங்கள் அலுவலகம்தான். 'உங்கள் பள்ளியில் கற்பதில் சிரமம் உள்ள குழந்தைகள் உண்டா?' என்று ஒரு படிவம் அனுப்பினோம். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதி முதலில் திருப்பி அனுப்பிய பள்ளிக்குக் கேடயம். பாராட்டுரையை எழுதியது நான்.

"இவ நாலாவதுல ரெண்டாவது வருஷம் உக்காந்திருக்கா" என்றார் கண்டக்டர் அம்மா. இப்போது குரல் இறங்கியிருந்தது. "இந்த முழுப் பரீட்சையிலயும் ஃபெயிலானா, அடித்தளத்தை வலுப்படுத்தறோம்னு ரெண்டாவதுல கொண்டுபோய் உக்கார வைப்பாங்களாம். ரெண்டாவதுல இவ தங்கச்சி படிக்கிறா. தங்கச்சி பக்கத்துல உக்கார மாட்டேன், அதுக்கு ஸ்கூலுக்கே போகலைன்னு சொல்றா. சொன்னா செய்வா. பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு."

நான் மனம் இளகி ஒரு படிவம் கொடுத்தேன். பதினோரு பக்கம். மேலே தடித்த எழுத்தில், 'மாணவர் தாமே வாசித்துத் தம் கைப்பட நிரப்ப வேண்டும்' என்று போட்டிருந்தது.

"சார், இவளுக்கு வாசிக்க வராதுன்னுதானே மனுவே."

"அதைத்தாம்மா. வாசிக்க வராதுங்கறதை அவங்களே வாசிச்சு, புரிஞ்சு, எழுதிக் குடுக்கணும்."

ஒன்பது நாள் கழித்து வந்தார்கள். அம்மா வாசிக்க வாசிக்க, பெண் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். பதினோரு பக்கமும் நிரம்பியிருந்தது. சில இடங்களில் அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகியிருந்தது. ஐயாவிடம் வாசித்துக் காட்டினேன். "முழுசா நிரப்பியிருக்காளா? அப்ப நல்லாவே வாசிக்க வருது" என்றார். இரண்டு 'ம்'.

கண்டக்டர் அம்மா இரண்டாவது படிவத்தை ஒன்றுமே எழுதாமல் கொண்டுவந்து கொடுத்தார். 'முழுமையற்ற விண்ணப்பம்' என்று அதுவும் திரும்பிப் போனது. மூன்றாவது தடவை, நிரப்பிய பக்கம் ஐந்தரை, வெறும் பக்கம் ஐந்தரை என்று அளந்து பிரித்துக் கொண்டுவந்தார். இங்கேதான் நிர்வாகம் திகைத்து நின்றது. பாதி நிரப்பிய விண்ணப்பத்தை என்ன செய்வதென்று விதியில் எங்கும் இல்லை. விதி வாய்மூடியிருக்கிற இடத்தில் குழு போடுவது மரபு. ஐயா தலைவர், பள்ளித் தலைமையாசிரியை உறுப்பினர், நான் செயலர் என்று ஒரு குழு அமைந்தது.

குழு கூடியது ஐயாவின் அறையில். கண்டக்டர் அம்மாவையும் பாப்பாவையும் எதிரே உட்கார வைத்திருந்தோம். தலைமையாசிரியை மார்பில் 'நான் சிறப்பு' என்ற வட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். 'எல்லாக் குழந்தைகளும் சிறப்புக் குழந்தைகளே' என்ற தலைப்பில் மூன்று நாள் பயிற்சி நடந்தது முதல் எல்லாப் பள்ளியிலும் இந்த பேட்ஜ்தான் நடப்பு. பள்ளி வாசலில் வாளியோடு நிற்கிற ஆயா முதற்கொண்டு எல்லாரும் சிறப்பு.

"எங்க ஸ்கூல்ல நானூத்திப் பதினோரு பேரும் சிறப்புக் குழந்தைங்க" என்று ஆரம்பித்தார் அவர். "ஒருத்திக்கு மட்டும் தனியா உதவி செஞ்சா மத்த நானூத்திப் பத்துப் பேரோட சிறப்பு என்னாகறது? அது அநியாயம் இல்லையா?"

"அந்த நானூத்திப் பத்துப் பேருக்கும் எழுத்து ஒரு இடத்துல நிக்குது டீச்சர். இவளுக்கு நிக்கலை."

"ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வேகம்மா. இவ வாசிக்கலைன்னு நாங்க எப்பவுமே சொல்லலை. இன்னும் ஆரம்பிக்கலை, அவ்வளவுதான்."

"அப்ப ரெண்டாவதுல எதுக்கு உக்கார வைக்கறீங்க?"

"ஆரம்பிக்கறதுக்குத்தான்."

ஐயா கையை உயர்த்தினார். "ரேடியோ, டாக்டர் என்ன எழுதியிருக்கார்? வாசிங்க."

வாசித்தேன்.

"அந்தப் பதினாலாம் விதி?"

அதையும் வாசித்தேன். ஐயா கண்ணை மூடியபடியே கேட்டுவிட்டு, தந்தை மகளுக்குச் சொல்கிற தோரணையில் பேசினார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இன்னைக்குப் பரீட்சையில ஒருத்தரை உக்கார வெச்சு வாசிச்சுக் காட்டிடலாம். நாளைக்கு இவ பெரியவளாகி ஒரு ஆபீஸுக்கு வேலைக்குப் போவா. அங்க பக்கத்துலயே ஒருத்தர் நின்னு பூரா நாளும் வாசிச்சுக்கிட்டே இருப்பாரா? உலகத்துல எங்கயாவது அப்படி உண்டா? சொந்தக் கால்ல நிக்கப் பழகணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த பக்கத்துல என்ன போட்டிருக்கு ரேடியோ? வாசிங்க" என்றார்.

நான் அடுத்த பக்கத்தை வாசித்தேன். என்ன செய்வது, அதுதானே என் வேலை. கண்டக்டர் அம்மா என்னைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், கதவில் தொங்கிய 'அமைதி காக்கவும்' பலகையைப் பார்த்தார். நெரிசலான பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத ஆளைக் கண்டுபிடித்துவிட்ட பார்வை அது.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். இந்த அண்ணன் உங்களுக்குத் தினமும் வாசிப்பாரா?"

"ஆமா. அவரோட வேலை அது."

"நீங்க சொல்றதை அவரே எழுதிக்குவாரா?"

"பின்ன, நானா எழுதறது?"

"இந்த ரூம்ல யாரும் சத்தம் போட மாட்டாங்க?"

"போர்டு இருக்கே, பார்க்கலையா?"

"ஒரு ஃபைலை இத்தனை மணிக்குள்ள முடிச்சாகணும்னு உங்களுக்கு ஏதாவது கெடு உண்டா?"

ஐயாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்குக் கெடுவா? யார் வைக்கறது?"

"அவ்வளவுதான் ஐயா. உங்களுக்கு இருக்கறதெல்லாம் என் பொண்ணுக்கும் குடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை."

எனக்குச் சிரிப்பு முட்டியது. பதினோரு வருஷ அனுபவத்தில் அதை இருமலாக மாற்றிக்கொண்டேன். ஐயா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஆழ்ந்து யோசித்தார்.

"அம்மா, நீங்க விஷயத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. இதெல்லாம் எனக்குக் குடுத்தது இல்லை. இந்த நாற்காலிக்குக் குடுத்தது. நாளைக்கே நான் மாறிப் போனா, இதுல வந்து உக்கார்ற ஆளுக்கு ரேடியோ வாசிப்பார். ஆள் யாருங்கறது முக்கியமே இல்லை."

அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த பாப்பா, "அப்ப நான் அதுல உக்காந்துக்கறேன்" என்றாள்.

ஐயா சிரித்தார். தலைமையாசிரியையும் சிரித்தார். ஆனால் பாதிச் சிரிப்பில் அவர் முகம் மாறியது. உதவி கேட்கிற குழந்தை ஒன்று பள்ளியில் இருந்தால் கேடயம் போய்விடும். அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்த குழந்தை ஒன்று இருந்தாலோ இன்னொரு கேடயமே கேட்கலாம். "ஐயா, நல்ல யோசனையா இருக்கே!" என்றார்.

பரீட்சை நடக்கிற ஐந்து நாளும் ஐயா ஊரில் இல்லை. 'செவிமடுத்தல்: ஒரு தலைமைப் பண்பு' என்ற பயிற்சிக்குப் போகிறார். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, பொறுப்புக்கு யாரையாவது அமர்த்த வேண்டும் என்று விதி இருக்கிறது. யாரை என்று விதி சொல்லவில்லை. அன்று மாலையே தீர்மானம் எழுதினேன். 'சிரமம் ஏதுமில்லாத மேற்படி மாணவியை, தேர்வு நாள்கள் ஐந்துக்கு மட்டும் மேற்படி நாற்காலியின் பொறுப்பில் அமர்த்தலாமென்றும், நாற்காலிக்குரிய வசதிகள் யாவும் அன்னார் அதில் அமர்ந்திருக்கும் பொழுது மட்டும் அன்னாரைச் சாருமென்றும், எழுந்தவுடன் அவை நாற்காலியிலேயே தங்கிவிடுமென்றும் இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.' வாசித்துக் காட்டினேன். முதல் பத்தியிலேயே 'ம்' வந்துவிட்டது.

பரீட்சையன்று பாப்பா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. முதலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

நான் கேள்வித்தாளைப் பிரித்து, என் வழக்கமான குரலில் வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது கேள்வியில் என்னை நிறுத்தினாள்.

"மாமா, 'ஏன்'னு போட்டிருக்கா, 'எப்படி'ன்னு போட்டிருக்கா?"

திரும்பப் பார்த்தேன். 'எப்படி' என்று இருந்தது. நான் 'ஏன்' என்று வாசித்திருந்தேன். இப்படி எத்தனை கோப்புகளில் 'ஏன்' என்பதை 'எப்படி' என்றும் 'எப்படி' என்பதை 'ஏன்' என்றும் வாசித்திருக்கிறேனோ, யார் கண்டது? ஐயா ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

"இன்னொரு தடவை வாசிங்க மாமா. மெதுவா."

மெதுவாக வாசித்தேன். அவள் கண்ணைத் திறந்துகொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு, கடைசிச் சொல்வரை கேட்டாள். பதினோரு வருஷம் வாசித்தவனுக்கு அன்றுதான் ஒரு ஆள் கேட்கக் கிடைத்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேகம் எப்படி மழையாகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே போக, நான் எழுத மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "எழுதுங்க மாமா, நேரம் போகுது" என்று அவள்தான் நினைவுபடுத்தினாள்.

கூடுதல் நேரத்தில் பாதிக்கு மேல் மிச்சமாகிவிட்டது. அம்மா ட்ரிப் முடிந்து வரவேண்டும். நாற்காலியில் ஒரு ஆள், எதிரே நான், மேஜையில் கோப்புகள். பழக்கதோஷம், மேலே இருந்ததை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு பள்ளியில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்த விவகாரம். மூன்று வருஷத்துக் கடிதப் போக்குவரத்து, நான்கு விரற்கடை தடிமன்.

"குழாயை மாத்த வேண்டியதுதானே மாமா? மூணு வருஷமா என்ன குடிச்சாங்க?"

முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி, பொறுப்பு முத்திரையைக் குத்தி அனுப்பினேன். ஐந்து நாளில் இருபத்துமூன்று கோப்புகள் இப்படி நகர்ந்தன. ஒன்றே ஒன்றைத்தான் அவள் மறுத்தாள். ஒரு பள்ளி, கேடயங்கள் வைக்கக் கண்ணாடி அலமாரி கேட்டிருந்தது. "சுவத்துல மாட்டிக்கட்டும்" என்றாள். குழாய் மாறியது, ஒழுகின கூரை ஒன்றும் அடைபட்டது. எங்கள் அலுவலகத்தில் ஏதோ கோளாறு என்று யாரும் சந்தேகப்படவில்லை என்பது ஆச்சரியம்தான். செவிமடுக்கப் பழகித் திரும்பிய ஐயாவுக்கு, கோப்புகளை விரைந்து முடித்ததற்காக மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதையும் நான்தான் வாசித்தேன். கண்ணை மூடியபடி ரசித்தார்.

முடிவு வந்த நாளில் கண்டக்டர் அம்மா எங்கள் வராந்தாவிலேயே விசிலை ஊதிவிட்டார். பாப்பாவுக்கு நூற்றுக்கு எண்பத்துமூன்று. இனி ஐந்தாம் வகுப்பு. தங்கச்சி பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை.

"அண்ணே, உங்க புண்ணியம்" என்றார். கூடவே ஒரு தாளை நீட்டினார். "அடுத்த வருஷத்துக்கும் இதே மாதிரி வேணும்னு இப்பவே எழுதிக் குடுத்துடறேன். காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி ஆர்டர் வந்தாப் போதும். நாற்காலியெல்லாம் வேண்டாம், ஒரு பெஞ்சு போதும்."

அந்த மனுவுக்குப் பதில் எழுதியது நான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. வருஷா வருஷம் வசதிகளை மறுபரிசீலனை செய்ய ஒரு படிவம் இருக்கிறது. 'வசதி பெற்றவரிடம் முன்னேற்றம் காணப்பட்டதா?' என்று அதில் ஒரு கேள்வி. ஆம் என்றால், தேவை தீர்ந்துவிட்டது, வசதியை ரத்து செய்க. இல்லை என்றால், தேவை நீடிக்கிறது, வசதியைத் தொடர்க. பாப்பாவுக்கு 'ஆம்' போட்டேன், ரத்தாயிற்று. அதே காலையில் ஐயாவின் வாசிப்பு வசதிக்கான வருடாந்தரப் படிவமும் வந்திருந்தது. பன்னிரண்டாவது வருஷமாக 'இல்லை' போட்டேன், நீடித்தது. இரண்டையும் ஐயாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டுக்கும் ஒவ்வொரு 'ம்'.

கடிதத்தை வாங்க அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மா உறையைக் கிழித்தபோது பாப்பா, "மாமாவே வாசிக்கட்டும்மா. மாமா நல்லா வாசிப்பாங்க" என்றாள்.

வாசித்தேன். ஏற்ற இறக்கத்தோடு நன்றாகவே வாசித்தேன். 'மேற்படி மாணவி எண்பத்துமூன்று மதிப்பெண் பெற்றுத் தேறியிருப்பதால் அன்னாருக்குச் சிரமம் ஏதுமில்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது' என்ற இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, முடித்தேன். பாப்பா கடைசிவரை கேட்டாள்.

"மாமா, நான் ஃபெயிலாயிருந்தா வாசிச்சுக் காட்டியிருப்பீங்களா?"

"ஆமா. விதிப்படி உண்டு."

"பாஸானதால மாட்டீங்க?"

"ஆமா."

"இதை யாரு எழுதினது?"

"நான்தான்."

"எழுதின பிறகு வாசிச்சுப் பாத்தீங்களா?"

"ஐயாவுக்கே வாசிச்சுக் காட்டினேனே."

"யாராவது கேட்டாங்களா?"

நான் கடிதத்தை மடிக்க ஆரம்பித்தேன். நாலாக மடித்து, எட்டாக மடித்து, அதற்கு மேல் மடிக்க வராமல் வைத்துக்கொண்டு நின்றேன். ஐயா கேட்கவில்லை, அது இருக்கட்டும். வாசித்த எனக்கே அது காதில் விழவில்லை.

கண்டக்டர் அம்மா சண்டைக்கு வரவில்லை. என் மேஜையிலிருந்தே ஒரு தாளை எடுத்தார், என் பேனாவையே வாங்கிக்கொண்டார். "சொல்லு பாப்பா" என்றார். பெண் சொல்லச் சொல்ல எழுதி, 'மேல்முறையீடு' என்று தலைப்புப் போட்டு, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

முறைப்படி அதை ஐயாவிடம் எடுத்துப் போனேன். இந்தத் தடவை கேட்டுக்கொண்டே வாசிப்பது என்று முடிவு செய்திருந்தேன். 'வாசிச்சுக் காட்டினதால நான் பாஸானேன். பாஸானதால இனிமே வாசிச்சுக் காட்ட மாட்டோம்னு எழுதியிருக்கீங்க. அப்ப நான் ஃபெயிலாவேன். ஃபெயிலானா மறுபடியும் வாசிச்சுக் காட்டுவீங்க. இப்படியே மேலயும் கீழயும் போயிட்டு இருந்தா நான் எந்த வருஷம் ஸ்கூலை முடிப்பேன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. என் தங்கச்சி என்னைத் தாண்டிப் போறதுக்கு முன்னாடி சொல்லுங்க.'

தங்கச்சி என்ற இடத்தில் வாசிப்பு நின்றுபோனது. மேலே வரவில்லை. ஐயா கண்ணைத் திறந்தார்.

"என்ன ரேடியோ, வாசிக்கறதுக்குச் சிரமமா இருக்கா?"

"ஆமாங்கய்யா."

"அடடா, இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே நீங்க. வயசாகுது இல்லையா? உங்களுக்கு வாசிக்க ஒரு ஆளைப் போட்டுடலாம். இப்பவே ஆர்டர் எழுதுங்க."

"ஐயா, அதே ஆர்டர்ல இந்தப் பொண்ணையும் சேத்துடலாமா?"

"அதெப்படி? உங்களுக்குச் சிரமம் இருக்கறதை நான் என் கண்ணால பார்த்தேன். அந்தப் பொண்ணோட சிரமத்தை யார் பார்த்தது? எண்பத்துமூணு மார்க்குனு நீங்கதானே வாசிச்சீங்க?" என்று மறுபடி சாய்ந்துகொண்டார்.

அரை மணி நேரத்தில் எனக்கு ஆணை தயாராகிவிட்டது. பதினோரு பக்கப் படிவம் இல்லை, டாக்டர் சீட்டு இல்லை, குழு இல்லை. நானே எழுதி, நானே வாசித்து, கையெழுத்தும் வாங்கினேன். வேண்டாமென்று மறுத்துப் பார்த்தேன் என்று இந்த இடத்தில் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் பொய்.

போன திங்கட்கிழமை முதல் எனக்கு வாசிக்க ஒருவர் வந்திருக்கிறார். காலாண்டுப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பாப்பாவின் மேல்முறையீட்டைத்தான் அவர் கையில் எடுத்துக் கொடுத்தேன். நல்ல குரல் அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். சுகமாகத்தான் இருக்கிறது. கடைசிப் பத்தியில் என்ன இருந்ததென்று தெரிய வேண்டுமானால் நீங்கள் அவரைத்தான் கேட்க வேண்டும்.